அந்த டை பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்

தம்பி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ அந்தப் பாக்கெட்டைப் பிரித்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அப்படியே பேசினாலும் கொஞ்ச நேரத்தில் உனக்கும் எனக்கும் சண்டை வந்துவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. தேரடி வீதியில் மதிய வெயிலுக்குக் கூட்டம் கம்மியாக இருக்கிறது. கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு, வளையல் அலமாரிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கும் என் மருமகள் நித்யாவுக்கும் சேர்த்தே அனுப்பப் போகிறேன். உன் மாமா படித்தாலும் சரி, சொந்தக்காரர்கள் யார் படித்தாலும் சரி. இந்த விஷயத்தை மூடி மூடி வைத்து நாம் பட்டது போதும்.

நேற்று மாலை நித்யா பேசினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ லிஃப்டில் இறங்கும்போது, புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "தாத்தாகூட எங்கடா செல்லம் போறீங்க?" என்று கேட்டாளாமே. நீ சிரித்துவிட்டு வந்துவிட்டாயாம். அதற்கப்புறம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். இப்போது பாத்ரூம் அலமாரியில், ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால், தலைக்குப் போடும் டை பாக்கெட் ஒன்று இருப்பதை நித்யா பார்த்திருக்கிறாள். "கேட்டா, இதுல அமோனியா இல்ல, மாத்திரை போட்டுட்டுதான் போடுவேன், ஞாயித்துக்கெழம போடறேன், நீ பயப்படாதன்னு சொல்றாரு. நீங்க ஒடனே அவர்கிட்ட பேசுங்க அத்தை" என்றாள். நித்யா எதற்கும் சட்டென்று குரல் உடைகிறவள் இல்லை. அது உனக்கே தெரியும்.

லிஃப்டில் அந்தப் பெண் கேட்டது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பத்திமூன்று வயதுப் பிள்ளை, சொந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து தாத்தா என்றால் எந்த மனுஷனுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். நித்யா சொல்லும்போது எனக்கே கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடாதே. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட ஒரு மதியம் என்ன ஆனது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. பாதி நேரம் உனக்கு நினைவில்லை. முழுசாகத் தெரிந்தவள் நான். அதனால் உட்கார்ந்து படி.

நீ வேலூரில் படித்துக்கொண்டிருந்தபோது தீபாவளிக்கு வந்திருந்தாய். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது காதுக்கு மேலே நாலைந்து வெள்ளை முடி தெரிந்தது. "பிடுங்கிப் போடும்மா" என்றாய். பிடுங்கினேன். அடுத்த தீபாவளிக்குப் பிடுங்கி மாளாது என்று ஆகிவிட்டது. அது உன் அப்பா வீட்டு வாகு. அவருக்கும் முப்பதைத் தாண்டுவதற்குள் தலை பஞ்சாகிவிட்டது. ஆனால் அதற்குள் எனக்குத் தாலி கட்டிவிட்டார், அதனால் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு அப்படி அமையவில்லை. ஓசூரில் வேலை கிடைத்து, ஜாதகம் எடுத்த நேரத்தில் உன் தாடியும் சேர்ந்து நரைத்துக்கொண்டிருந்தது. ஆற்காட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், "பையனுக்கு வயசு ஜாஸ்தியா தெரியுதுங்க" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அன்று நீ நேராகக் கடைக்குப் போனாய். அங்கே சரமாகத் தொங்கும் டை பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து வீட்டு மாடிக்குப் போனாய். கீழே இறங்கி வந்தபோது கல்லூரிக்குப் போகிற பையனாக இருந்தாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்கப்புறம் அந்த வேலைக்கு ஓய்வே இல்லை. பத்து நாள் போனால் வகிட்டோரம் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். தாடியில் அதற்கும் முன்னால். வெளியூர் போவதென்றால், யார் வீட்டுக்காவது போவதென்றால், முதலில் கண்ணாடி முன் நின்று வேர்க்கால்களைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. போளூரில் நித்யாவைப் பெண் பார்க்கப் போனபோதும், நிச்சயதார்த்தத்தின்போதும் அப்படித்தான். நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு தம்பி. தலைமுடிதானே, கொலைக் குத்தமா?" என்னுடைய தம்பி, உன் மாமா, உடனே குறுக்கே விழுந்தான். "அக்கா, நீ சும்மா இரு. நல்லபடியா கூடி வந்திருக்கு. கல்யாணம் ஆயிட்டா அப்பால யாரு தலைய பாக்கப் போறாங்க?" நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில்தான் உன் உடம்பு சொல்ல ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் அரிப்பு. வியர்க்குரு என்றாய். அடுத்த முறை போட்டபோது பின்கழுத்தில் நீர் கோத்துக் கசிந்தது. காலர் வைத்த சட்டையை மேல் பட்டன் வரைக்கும் போட்டு மறைத்தாய். அதற்கடுத்த முறை காலையில் எழுந்தபோது இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன. தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்ததும் கேட்டார், "டை போடறீங்களா?" என்று. கருப்பாக்குகிற மருந்து உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட மோசமாகத்தான் வரும், இனி அதைத் தொடவே கூடாது, தொண்டை அடைத்துக்கொண்டால் ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார். நீயும் தலையாட்டினாய்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. கல்யாணத்துக்கு மாசம்கூட இல்லை, அதற்குள் வேரெல்லாம் வெள்ளையாக ஏறி, நுனி மட்டும் கருப்பாக நிற்கும் என்பது உன் பயம். இப்போதே நித்யாவுக்குப் போன் போடு என்றேன். "நீ என் கல்யாணத்த கெடுக்க பாக்கற" என்று கத்தினாய். நீ என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. மாமா உன் தோளில் கை போட்டு, "ஒரே ஒரு தடவ, மாத்திரைய போட்டுக்கினு அடிச்சிக்கோடா. தாலி கட்டி முடிச்சதும் விட்டுடலாம்" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த யோசனை உன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதேதான் இப்போது மறுபடியும் எழுந்து வந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பௌர்ணமி. நல்ல முகூர்த்தம் தேய்பிறையில்தான் அமைந்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் கூடத்தில் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உன்னைக் காணவில்லை. தூங்குகிறான் என்றார்கள். ஏதோ எடுக்க மாடிப்படி ஏறினேன், பாதிப் படியில் அந்த வாடை வந்தது. இருபது வருஷமாக அதை விற்கிறவளுக்கு அந்த வாடை தெரியாதா? ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் தட்டினேன். "டேய், கதவ திற!" உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "திறடா!" என்று இரண்டு கையாலும் இடித்தேன். தாழ்ப்பாளைத் தடவித் தடவி ஒருவழியாகத் திறந்தாய். உன் முகம் உன் முகமாக இல்லை, தம்பி. உதடு இரண்டும் தடித்துப் பிதுங்கி, கண் இருந்த இடத்தில் கோடுதான் இருந்தது. "அம்மா" என்றாய். அது உன் குரல் இல்லை. யாரோ தொண்டையை நெரித்துப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

தலையில் பாதி மருந்து வழிந்துகொண்டே இருந்தது. குழாயடியில் உன்னைக் குனியவைத்து இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். துண்டைச் சுற்றிக் கீழே இழுத்து வந்தேன். நம் வீடு செங்கம் ரோட்டில். பௌர்ணமி அன்று அந்த ரோடு யாருடையது என்று உனக்குத் தெரியும். கிரிவலம் போகிறவர்கள் மத்தியானமே கிளம்பி ரோட்டை நிறைத்துவிட்டார்கள். ஆட்டோ உள்ளே வராது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வந்து சேர நேரமாகும் என்றார்கள். மாமாதான் பைக்கை எடுத்தான். உன்னை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் உட்கார்ந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நான் கத்தினேன். முன்னால் போனவர்கள் அரோகரா சொன்னார்கள், பக்கத்தில் வந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள், அந்தச் சத்தத்தில் உன் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. உன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறுகிறதா. ஒரு இடத்தில் ஏறவில்லை என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

தடுப்பு போட்டிருந்த இடத்தில் பெண் போலீஸ் ஒருத்தி மறித்தாள். "வண்டி விடமாட்டோம்மா, சுத்திக்கினு போங்க" என்றாள். நான் உன் முகத்திலிருந்து துண்டை விலக்கினேன். பார்த்த அடுத்த நொடி அவளே தடுப்பை இழுத்துத் தள்ளினாள். விசிலை ஊதிக்கொண்டு நமக்கு முன்னால் ஓடினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உன் விரல் என் விரலைப் பிடித்தது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காதும்மா" என்றார். உன் மாமா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனை நான் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை.

முடியில் ஊறிய மருந்து போக வேண்டும் என்று உன் தலையையும் தாடியையும் மெஷின் வைத்து ஒட்ட எடுத்துவிட்டார்கள். அந்தக் கோலத்தில் நீ படுத்திருந்தபோதுதான் நித்யாவும் அவள் அப்பாவும் வந்தார்கள். நான்தான் போன் செய்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"உங்க முடி வெள்ளைன்னு எனக்கு நிச்சயத்தன்னிக்கே தெரியும். மோதரம் போட குனிஞ்சீங்களே, அப்பவே காதுக்குப் பின்னாடி பாத்துட்டேன்" என்றாள். "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நரைக்காக நான் கவலைப்படல. டாக்டர் போடக் கூடாதுன்னு சொன்னாராமே, அத்தை சொன்னாங்க. உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் ஒரு ஆளு கதவ சாத்திக்கினு இத செஞ்சா, நாளைக்கு எங்கிட்ட வேற இன்னாலாம் மறைப்பாரு?"

அவள் அப்பா என்னிடம், "நாங்க வீட்டுக்கு போயி பேசிட்டு சொல்றோம்மா" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு அமைதியாகச் சொன்னார். மண்டபத்துக்குப் பந்தல்காரன் வந்துவிட்டான், சமையல்காரர் பாத்திரம் இறக்கிவிட்டார் என்று வீட்டிலிருந்து போன்மேல் போன். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் வரை நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நித்யா என் போனுக்குக் கூப்பிட்டாள். "அவர்கிட்ட குடுங்க அத்தை" என்றாள். கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அவள் உன்னிடம் என்ன கேட்டாள், நீ என்ன வாக்குக் கொடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய், "வர்றாங்கம்மா" என்றாய். அந்த வாக்கு என்னவென்று நீதான் இப்போது யோசித்துப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்தன்று மொட்டைத் தலையும் வீங்கின இமையுமாக மேடையில் நின்றாய். போட்டோகிராஃபர் எடிட்டில் சரி பண்ணிவிடலாம் என்று சமாதானம் சொன்னான். வேண்டுதல் என்று சொல்லிவிடு என்று ஆளாளுக்கு உன் காதில் ஓதினார்கள். கோயில் ஊர்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நித்யாவின் சித்தி மேடை ஏறி, "இன்னா மாப்ளே, எந்த சாமிக்கு வேண்டுதலு?" என்று கேட்டபோது நீ வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "வேண்டுதல் இல்ல சித்தி. டை போட்டு அலர்ஜி ஆயிடுச்சு. இவருக்கு முடி நரைச்சிருக்கும், வளந்தா தெரியும்." சித்தி, "அதனால இன்னா" என்று உன் கையில் கவரைத் திணித்துவிட்டு இறங்கிப் போனார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாதமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த இடத்தில் இறங்கியது.

இதையெல்லாம் இப்போது எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட இல்லை. நரையை ஏற்றுக்கொள், அதுதான் அழகு என்று உபதேசம் பண்ணவும் இல்லை. சாயம் போடுவது தப்பு என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. நம் கடைக்கு வருகிற பெண்களில், முடி வெளுத்துத் தெரிந்தால் வயசாகிவிட்டது என்று வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதற்காகவே மாதாமாதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். நானும் போட்டுக்கொண்டிருந்தவள்தான். அந்த பௌர்ணமியோடு விட்டேன். ஞானம் வந்ததால் விடவில்லை, அந்த வாடை வந்தால் உன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போன ரோடு கண் முன்னால் வந்துவிடுகிறது. "நீயே போடல, எங்களுக்கு மட்டும் விக்கறியாக்கா?" என்று கேலி செய்கிறார்கள். விற்கிறேன். ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்களிடம், முழங்கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். உனக்கு அந்தச் சோதனைகூட வீட்டில் வேண்டாம். உன் உடம்பு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

அமோனியா இல்லை என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. உன்னைப் படுக்கவைத்தது அமோனியா இல்லை, கருப்பாக்குகிற மருந்து. அது வேறு, இது வேறு. மூலிகை என்பான், கருப்பு மருதாணி என்பான், அதிலும் அந்த மருந்தைக் கலந்திருப்பான். மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்கிறாயே, அன்றும் போட்டுக்கொண்டுதான் மாடிக்குப் போனாய். வண்ணம் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தோல் டாக்டரிடம் போ. முதுகில் மருந்து ஒட்டிப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளும், எது கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னால் தாராளமாகப் போட்டுக்கொள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதுவுமே ஒத்துக்கொள்ளாது என்றால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள், தாடியை மழித்துவிடு. உன்னை வயசானவனாகக் காட்டுவது தலையைவிட அந்தத் தாடிதான். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், நீ தாடியில் ஆசையாக இருக்கிறாய் என்று சும்மா இருந்தேன்.

அந்த லிஃப்ட் பெண்ணை மறுபடியும் பார்த்தால், "தாத்தா இல்லீங்க, அப்பா" என்று சொல்லிவிடு. கோபமாக வேண்டாம், பாப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னால் போதும். அவள் ஒரு நிமிஷம் வெட்கப்படுவாள். அந்த ஒரு நிமிஷ வெட்கம் அவளோடு போகட்டும், நீ ஏன் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய்?

அப்பா இப்போதுதான் வந்து, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குச் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் மாறி, மதியத்துக்குள் வந்துவிடுவோம். நித்யாவிடம் சமைக்க வேண்டாம் என்று சொல், நான் கட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் பொறு. அதட்டுகிறாள் என்று நினைக்காதே. கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வந்து மணி அடித்தால் நித்யாவை அனுப்பாதே. நீயே வந்து கதவைத் திற. உன் தலை எந்த நிறத்தில் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை, தம்பி. நீ நின்று திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா